விதவைப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர் நம்ம பக்கத்தில் யார்? (பேச்சுப் போட்டிக்கு உதவி வேண்டும்)

ஐந்துரோடு அம்மா | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாவது படிக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை பள்ளியில் பேச்சுப் போட்டி. 'பெண் கல்விக்கும் கைம்பெண் நலனுக்கும் பாடுபட்டவர்' என்று தலைப்பு, நான்கு நிமிடம் பேச வேண்டும். பள்ளியில் கொடுத்த தாளில் நான்கு பெயர்கள் இருக்கின்றன: ராஜாராம் மோகன்ராய், வித்யாசாகர், சாவித்திரிபாய் பூலே, பண்டித ரமாபாய். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இந்த நான்கு பேரில் ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

நேற்று ராத்திரி பாய் விரிக்கும்போது, "ஏம்மா, நம்ம பக்கத்துல இப்படி யாருமே இல்லையா?" என்று கேட்டாள். பெரியாரைச் சொன்னேன், முத்துலட்சுமி ரெட்டியைச் சொன்னேன். "அவங்களைத் தெரியும்மா. விதவைங்களுக்குன்னு ஒரு ஸ்கூல் வெச்சவங்க யாரு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டாள். என் அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது, அம்மா எங்களோடுதான் இருக்கிறார். "அம்மாயி ஏன் இப்ப வளையல் போடறதில்ல?" அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சேர்வராயன் | ஞாயிறு, மதியம் 12.05

அந்த நான்கு பெயரில் எதுவும் தப்பில்லை அம்மா. சாவித்திரிபாய் 1848இல் புனேயில் பள்ளி தொடங்கியவர், 1897இல் பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தே தானும் அந்த நோயில் போனவர். ரமாபாய் பதினாறு வயதில், தென்னாட்டில் ஊர் ஊராக நடந்த காலத்தில், பெற்றோரைப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்தவர். ஆனால் பாப்பா கேட்ட கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சகோதரி சுப்பலட்சுமி.

1886 ஆகஸ்ட் 18, மயிலாப்பூரில் பிறந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் தஞ்சைப் பக்கம் ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர் பொதுப்பணித் துறையில் பொறியாளர். ஒன்பது வயதில் நாலாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாக வந்த பெண் இவர். 1898இல் கல்யாணம், பதினோரு வயது. கொஞ்ச நாளிலேயே கணவன் இறந்துவிட்டான். அந்தக் காலத்தில் பிராமண வீட்டில் இதற்கு மேல் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைமுடியை மழிப்பார்கள், நார்மடி கட்டுவார்கள், கொல்லைப்புற அறையில் வைப்பார்கள், ஒருவேளைச் சாப்பாடு.

பெற்றோர் அதைச் செய்யவில்லை. அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கான்வென்ட், அப்புறம் மாநிலக் கல்லூரி. 1911இல் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷமே, 1912இல், எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே நான்கு பிராமண விதவைச் சிறுமிகளை வைத்துப் பாடம் ஆரம்பித்தார். துணைக்குச் சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசாங்கத்தில் பேசி உதவி வாங்கிக் கொடுத்தார். அதுதான் சாரதா இல்லம். பிள்ளைகள் பெருகியதும் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று இருக்கிறதே, அதே கட்டிடம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியது அது. விவேகானந்தர் 1897இல் தங்கியதும் அங்கேதான்.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, முதல்வர் இவர்தான். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர். 1958இல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று காலமானார்.

பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பதினோரு வயதில் கல்யாணம் ஆனவள் என்றால், இன்றைக்கு அவளுடைய வகுப்பைவிட ஒரு வகுப்புச் சின்னவள். மற்ற பிள்ளைகளுக்கு வருஷமெல்லாம் மறந்துபோனாலும் இது மறக்காது.

ஐந்துரோடு அம்மா | ஞாயிறு, மதியம் 1.40

ரொம்ப நன்றி. மகளுக்குப் படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒரு சந்தேகம். நம்ம பேர்லேண்ட்ஸ் சாரதா காலேஜ் இவர் ஆரம்பித்ததுதானா? இவர் பெயரால்தான் சாரதா சட்டமும் வந்ததா? அப்படியென்றால் பேச்சில் சேலத்தையும் சேர்த்துவிடலாம்.

சாரதா பழைய மாணவி | ஞாயிறு, மாலை 4.15

அக்கா, இரண்டுமே இல்லை. இதைப் பேச்சில் போட்டுவிடாதீர்கள். நானே அங்கே படித்த காலத்தில் இதையெல்லாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவள்தான்.

சாரதா சட்டம் என்று நாம் சொல்வது 1929இல் வந்த குழந்தை மணத் தடைச் சட்டம். கொண்டுவந்தவர் ஹர்பிலாஸ் சார்தா, ஆண். அவருடைய பெயர் தமிழில் வந்து 'சாரதா' ஆகிவிட்டது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்த சட்டம், 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுப்பலட்சுமி அதை ஆதரித்தார், அது உண்மை.

எங்கள் கல்லூரிக்குப் பெயர் ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார் சாரதா தேவியால் வந்தது. சகோதரியின் சாரதா வித்யாலயம் சென்னையில், பிற்பாடு அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தியது. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் ஒரே ஸ்தாபனம் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கு அந்த சாரதா தேவியிடம் பதில் இருக்கிறது. பரமஹம்சர் மறைந்தது 1886 ஆகஸ்ட் 16. சுப்பலட்சுமி பிறப்பதற்கு இரண்டே நாள் முன்பு. அன்றைக்குச் சாரதா தேவி வளையலைக் கழற்றப் போனார். கணவர் காட்சி கொடுத்துக் கழற்ற வேண்டாம் என்று தடுத்ததாக அவர் வரலாற்றில் சொல்வார்கள். அதற்குப் பிறகு 1920இல் தான் மறையும் வரை, முப்பத்து நான்கு வருஷம், கையில் வளையலோடும் மெல்லிய சிவப்புக் கரை போட்ட சேலையோடும்தான் இருந்தார். ஊரார் பேசாமலா இருந்திருப்பார்கள்? இதை உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். போட வேண்டும் என்று வற்புறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் விருப்பம்தான், அது அவருக்குத் தெரிந்தால் போதும்.

அம்மாபேட்டைத் தறி | ஞாயிறு, இரவு 8.50

எல்லாம் படித்தேன். யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் மனதில் உறுத்துவதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சாரதா இல்லம் பிராமண விதவைகளுக்குத்தானே? எங்கள் பாட்டிக்கு இருபத்து நான்கு வயதில் தாத்தா போனார். மூன்று பிள்ளைகள். மொட்டை போடவில்லை, கொல்லையில் அடைக்கவில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினார், தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை. அம்பது வருஷம் தார் சுற்றினார். வலதுகைச் சுட்டுவிரலில் நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம் இருக்கும். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். தறிக்காரரிடம் கூலி வாங்கப் போகும்போது எத்தனை தார் என்று எண்ணிச் சொல்லத் தெரியும், அவர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்று படிக்கத் தெரியாது. வாரா வாரம் குறைத்து எழுதியிருக்கிறார்கள். என் அப்பா மூன்றாவது படித்த பிறகுதான் அது தெரிந்தது.

இப்படி ஆயிரம் பாட்டிகள் இந்த ஊரில். அவர்களுக்கு இல்லம் வைத்தது யார்? பாப்பாவின் பேச்சில் இதற்கும் ஒரு வரி இடம் கொடுங்கள்.

சேர்வராயன் | ஞாயிறு, இரவு 9.30

நியாயமான கேள்வி தம்பி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆமாம், ஆரம்பத்தில் பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான். அவர் கைக்கு எட்டிய கொடுமை அது, பணம் கொடுத்த அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியாரம்மா கிடைக்கவில்லை. கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள், கல்யாணமாகாத பெண் என்று யாரும் இல்லை. வீட்டில் சும்மா அடைந்து கிடந்த இளம் விதவைகளைப் படிக்க வைத்தால் ஆசிரியை கிடைப்பாள், அவளுக்கும் ஒரு வாழ்க்கை கிடைக்கும். ஆசாரக்காரர்கள் பிள்ளையை நம்பி அனுப்ப வேண்டும் என்பதற்காக இல்லத்தில் ஆசாரமும் கடைப்பிடித்தார்கள்.

அந்தச் சுவரை உடைத்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் 1886இல் பிறந்தவர்தான். தேவதாசி வீட்டுப் பெண்கள் அடைக்கலம் கேட்டு வந்தபோது விடுதிகள் சேர்த்துக்கொள்ளவில்லை, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930இல் அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது, சாதி பார்க்காத இடமாக. சகோதரியும் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. 1942இல் மயிலாப்பூரில் படிப்பை விட்ட பெரிய பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம், 1954இல் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது.

ஆனாலும் உங்கள் பாட்டியின் விரலுக்கு இதெல்லாம் பதில் ஆகாது. அது எனக்கும் தெரிகிறது.

சாக்பீஸ் | திங்கள், காலை 6.10

ராத்திரி இந்த இழையைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஐஸ் ஹவுஸில் படித்த ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அப்பாவுக்கு அத்தை. நாங்கள் அத்தைப்பாட்டி என்போம்.

ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் எல்லாம் முடிந்தது. சொந்த அண்ணா வீட்டில் பின்கட்டு அறையில் இரண்டு வருஷம். "படிச்சு என்ன கிழிக்கப் போறா" என்று சொன்னது அந்த அண்ணாதான். ஒரு மாமா மட்டும் பிடிவாதமாக ரயிலேற்றிச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அங்கே போன முதல் வாரம் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் எதிரே யாராவது வந்தால் பழக்கத்தில் சுவரோடு ஒதுங்கி நிற்பாராம், சகுனத் தடையாக இருக்கக் கூடாதே என்று. இல்லத்தில் எல்லோருமே அதே பழக்கக்காரர்கள். ஒரு தாழ்வாரத்தில் ஆளுக்கொரு சுவர் ஓரமாக நாலைந்து சிறுமிகள் ஒதுங்கி நிற்க, நடுவில் போக ஆளே இல்லை. அப்போதுதான் சிரித்ததாகச் சொன்னார். அண்ணா வீட்டை விட்டு வந்தபின் முதல் சிரிப்பு.

பயிற்சி முடித்துச் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு. நான் பார்க்கும்போது கிழவி, ஆனால் சாயங்காலம் கை அலம்பினாலும் விரலிடுக்கில் சாக்பீஸ் வெள்ளை போகாது. அதனால்தான் இங்கே இந்தப் பெயர்.

அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். நகை இல்லை, பட்டு இல்லை. சணல் கயிறு கட்டி ஒரு கட்டு மணியார்டர் ரசீது. பணம் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வருமே, அந்தச் சின்னத் துண்டுகள். மாதம் ஐந்து ரூபாய், அந்த அண்ணா பெயருக்கு. படித்து என்ன கிழிக்கப் போகிறாள் என்று கேட்டவர் மாதம் தவறாமல் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். பெரிய, சாய்வான கையெழுத்து.

கட்டின் பாதியில் அந்தக் கையெழுத்து நின்றுவிடுகிறது. அடுத்த துண்டில் பெறுநர் பெயர் மன்னியுடையது, அண்ணாவின் மனைவி. கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகை. அண்ணா போய்விட்டார், மன்னியும் இப்போது அதே பின்கட்டு. ஐந்து ரூபாய் எட்டாகிறது. ரேகை வைத்த துண்டு மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவதில் ரேகை இல்லை. கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்க, மன்னி தன் பெயரை எழுதியிருக்கிறார். கோடை விடுமுறைக்கு அத்தைப்பாட்டி ஊருக்குப் போய் மன்னியைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப் பழக்கியதை என் அப்பா சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார். ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு மன்னி அழுதாராம். அத்தைப்பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியை எடுத்து ஸ்லேட்டைத் துடைத்து, "இன்னொரு தரம்" என்றாராம்.

அம்மாபேட்டைத் தம்பிக்கு: உங்கள் பாட்டிக்குக் கூலி நோட்டைப் படிக்கத் தெரியாமல் போனதுதான் விஷயம் என்று நானும் நினைக்கிறேன். சகோதரி அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது இரக்கம் இல்லை. இரக்கம் வீட்டிலேயே கிடைத்தது, 'பாவம்' என்று தினம் நாலு பேர் சொன்னார்கள். அவர் கொடுத்தது தங்க ஓர் இடம், ஒரு சான்றிதழ், மாதம் பிறந்தால் சம்பளம். அது எல்லாச் சாதிப் பெண்ணுக்கும் அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அதை நான் மறுக்கப் போவதில்லை.

அம்மாபேட்டைத் தறி | திங்கள், காலை 9.25

டீச்சர், அந்தப் பன்னிரண்டாவது துண்டு என்னைக் கலக்கிவிட்டது. இன்று தறியில் உட்கார்ந்தும் அதே நினைப்பு. என் கேள்வி அப்படியே இருக்கிறது, ஆனால் கோபம் இல்லை.

கறுப்புக் கோட்டு | திங்கள், இரவு 7.45

சேலம் நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதையும் வைத்துவிடுகிறேன். ஏன் சுப்பலட்சுமி மறுமணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் படிப்பைப் பிடித்துக்கொண்டார் என்று சிலர் குறையாகக் கேட்பார்கள். வித்யாசாகர் முயற்சியில் விதவை மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் 1881இல் முதல் மறுமணத்தை நடத்திவிட்டார். மராட்டியத்தில் கார்வே 1893இல் ஒரு விதவையைத் தானே மணந்தார், விதவைகளுக்காக ரமாபாய் வைத்த சாரதா சதனில் முதல் விதவை மாணவியாகச் சேர்ந்தவர் அந்தப் பெண். எல்லாம் மகத்தான காரியங்கள். ஆனால் 1856 சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை, அவள் அன்றைக்கே செத்துப்போனது போல, முடிந்துவிடும்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அறுத்துக் கட்டும் வழக்கம், அதாவது விதவை மறுமணம், பல சாதிகளில் காலங்காலமாக இருந்தது. அவர்களுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை. ஆனால் வழக்கு என்று கோர்ட்டுக்கு வந்தபோது அவர்களும் சொத்தை இழப்பார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராமண விதவைக்கு உதவ வந்த சட்டம் மற்றப் பெண்ணின் கையில் இருந்ததைப் பிடுங்கியது. அம்மாபேட்டைத் தம்பி சொன்ன உறுத்தல் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணவன் சொத்தில் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு என்பது 1937இல்தான் வந்தது, அதுவும் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். முழு உரிமை 1956இல். மகளுக்குப் பிறந்த வீட்டுக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு, தமிழ்நாட்டில் 1989இல், மற்ற மாநிலங்கள் பலவற்றுக்கும் 2005இல்தான். ஆக, 1912இல் பதினான்கு வயது விதவைக்குச் சொத்து கிடையாது, மறுமணம் நடைமுறையில் கிடையாது. யாராலும் பிடுங்க முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றால் படிப்பும் வேலையும் தவிர வேறு என்ன இருந்தது?

சேர்வராயன் | செவ்வாய், காலை 7.00

வக்கீலம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு சேலத்தைப் பேச்சில் கொண்டுவரலாம். மகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு வேண்டும், பெண் பருவம் எய்திய பிறகே கல்யாணம் செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார். 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர் என்று மட்டும்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1944இல் காலமானார், மகள்களுக்கான சட்டம் வர அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

இன்னொருவர் ராதாபாய் சுப்பராயன். மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பள்ளி வைத்த குத்மல் ரங்காராவின் மகள். சாதி தாண்டித் திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் டாக்டர் சுப்பராயனைக் கட்டிக்கொண்டு வந்தவர். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். 1930இல் லண்டன் முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு பெண்களில் ஒருவர். 1938இல் மாநிலங்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்.

ஆனால் நான்கு நிமிடத்தில் இத்தனை பேரை அடைத்தால் பாப்பா மூச்சு வாங்கும். சுப்பலட்சுமி ஒருவரே போதும். அதைவிட, டீச்சர் அனுமதித்தால் அந்த மணியார்டர் துண்டு போதும்.

சாக்பீஸ் | செவ்வாய், காலை 7.35

தாராளமாக. பெயர் மட்டும் வேண்டாம்.

நாகலூர் | புதன், இரவு 9.10

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். போட்டிக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி, ஆனால் இங்கே கேட்காமல் எங்கே கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து லைன் வீட்டில் ஒரு பெண், இருபத்தெட்டு வயது. எஸ்டேட்டில் மிளகுக்கு ஏறிய கணவன் மரத்திலிருந்து விழுந்து போன வருஷம் இறந்துவிட்டான். ஒரு பையன். காபிப்பழம் பறிக்கிற பருவத்தில் கூலி இருக்கும், மற்ற மாதங்களில் இழுபறி. பத்தாவது பாஸ். மாமியார் வீட்டில், 'எங்கேயும் போகாதே, இங்கேயே கிட' என்கிறார்கள். திட்டுவதில்லை, அடிப்பதில்லை, ஆனால் வெளியே விடுவதில்லை. இவள் என்னிடம் தனியாக வந்து, "அக்கா, நான் ஏதாச்சும் பரீட்சை எழுதலாமா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

கறுப்புக் கோட்டு | புதன், இரவு 9.40

எழுதலாம், எழுத வேண்டும். பத்தாவது பாஸ் என்றால் குரூப் 4 தேர்வு எழுதலாம். தமிழ்நாடு அரசு வேலையில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அந்த இடங்களில் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு. இது நிறையப் பேருக்குத் தெரியாமல் வருஷா வருஷம் போகிறது.

அதற்கு ஆதரவற்ற விதவைச் சான்று வேண்டும். வருமானம் குறைவாக இருக்க வேண்டும், மறுமணம் ஆகியிருக்கக் கூடாது. (1856க்கு நான் சொன்னது ஞாபகம் வருகிறதா? அது தனிக் கதை.) கோட்டாட்சியர் கொடுக்கிற சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும். விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய்க்கும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். விபத்து வேலை நேரத்தில் நடந்ததா? அப்படியானால் தொழிலாளர் இழப்பீடும் உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள். தனியாக எனக்கு எழுதுங்கள், பணம் ஒன்றும் வேண்டாம்.

சாக்பீஸ் | வியாழன், காலை 5.50

நாகலூர் அம்மா, திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். மாமியாரிடம் ஓய்வூதியத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். வேலை முடிந்ததும் அஸ்தம்பட்டியில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், மலைக்குப் போகிற பஸ் எப்படியும் இந்த வழிதான். பத்தாவதுவரை எல்லாப் பாடப் புத்தகமும் புதுப் பதிப்பில் வாங்கி வைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் அவள் வரட்டும், இல்லையென்றால் நான் ஏறி வருகிறேன். கணக்குதான் பயமாக இருக்கும். அதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

அம்மாபேட்டைத் தறி | வியாழன், காலை 8.15

பஸ் செலவு என்னுடையது. மறுக்கக் கூடாது.

ஐந்துரோடு அம்மா | வெள்ளி, மாலை 6.30

பேசிவிட்டாள். மூன்றாம் பரிசு. நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டதால் மதிப்பெண் குறைந்ததாம். தாண்டியது அந்தப் பன்னிரண்டாவது துண்டில். தார் சுற்றிய பாட்டிக்கு இரண்டு வரி சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை மேடையை விட்டு இறங்கியதும் கூப்பிட்டு, "சுப்பலட்சுமியை எங்கே படிச்சே?" என்று கேட்டாராம். சாரதா தேவியின் வளையல் கதையை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, மகளே சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டார், பதில் ஏதும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி, டீச்சருக்கு நேரில் வந்து சொல்ல ஆசை.

நாகலூர் | திங்கள், இரவு 8.20

போய் வந்துவிட்டோம். சான்றுக்கும் ஓய்வூதியத்துக்கும் மனு பதிவாகிவிட்டது, ரசீது கையில் இருக்கிறது. இழப்பீட்டுக்கு வக்கீலம்மா தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். டீச்சர் வீட்டில் சாப்பிட்டோம். கிளம்பும்போது புத்தகங்களோடு ஒரு பழைய ஸ்லேட்டும் கொடுத்தார். பையன் எழுதிப் பழகட்டும் என்றார், அது எந்த ஸ்லேட் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அடிவாரம் தாண்டியதுமே கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். கொண்டை ஊசி வளைவு இருபது இருக்கிறது, தலை சுற்றும், மூடி வை என்றேன். ஒவ்வொரு வளைவிலும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள், இன்னொரு கையின் கட்டைவிரல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. மேலே வந்து இறங்கும்போது நாலாவது பக்கத்தில் இருந்தாள்.